பின்னால் உட்கார்ந்து கூப்பிடுகிறவன்

எங்கள் வீட்டுக் கூடத்தின் சுவர் முழுக்க எல்க் மான்களின் தலைகள். எல்லாம் பெரிய பெரிய கொம்பன்கள். அவற்றை அடித்தது என் புருஷன் ராய்ஸ். கூப்பிட்டு வரவழைத்தது நான். வீட்டுக்கு வருகிறவர்கள் அண்ணாந்து பார்ப்பார்கள், வாயைப் பிளப்பார்கள், ராய்ஸின் முதுகில் தட்டுவார்கள். அப்புறம் என் பக்கம் திரும்பி, "நெல்டா, காப்பி இருக்கா?" என்பார்கள்.

வில்லை வைத்து எல்க் அடிக்க இரண்டு பேர் வேண்டும். ஒருவர் வில்லோடு முன்னால் நிற்பார். இன்னொருவர் நாற்பது ஐம்பது கஜம் பின்னால் தள்ளி உட்கார்ந்து பெட்டை எல்க் மாதிரிக் கத்துவார். செப்டம்பர் மாதம் கொம்பன்களுக்குப் பித்துப் பிடித்திருக்கும். பெட்டையின் குரலைத் தேடிக்கொண்டு வரும்போது முன்னால் நிற்பவரைக் கடந்துதான் வர வேண்டும். அங்கே அம்பு காத்திருக்கும். அவ்வளவுதான் விஷயம். எனக்கு அந்தக் குரல் சின்ன வயதிலேயே வந்துவிட்டது. அண்ணத்தில் ஒட்டிக்கொள்கிற சின்ன ரப்பர் ஊதி ஒன்று போதும், நிஜப் பெட்டையே திரும்பிப் பார்க்கும்படி கத்துவேன். அதனாலேயே கல்யாணம் ஆன நாளிலிருந்து பின்னால் உட்கார வைத்துவிட்டார்கள்.

பின்னால் இருப்பவருக்கு ஒன்றும் தெரியாது. சத்தம்தான். கொம்பன் மலையே அதிர்கிற மாதிரி கூவும். கிளை முறியும். மூச்சு விடுகிற சத்தம்கூடக் கேட்கும். அப்புறம் நாண் தெறிக்கும், ராய்ஸ் கத்துவான், நான் எழுந்து ஓடுவேன். உயிரோடு நடந்து வருகிற கொம்பனை ஒரு தடவைகூடப் பக்கத்தில் நான் பார்த்ததில்லை. விழுந்து கிடக்கிறதைத்தான் பார்த்திருக்கிறேன். கண்ணில் தூசி படிய ஆரம்பித்த பிறகு, தோலை உரிக்கக் கத்தியோடு.

அதைப் பார்க்க வேண்டும் என்று எனக்குள் ஒரு தவிப்பு வளர்ந்துகொண்டே போனது. பாத்திரம் கழுவும்போது அந்த நினைப்பு வரும். சர்ச்சில் பாட்டுப் பாடும்போது வரும். ஐம்பதைத் தாண்டிய பொம்பளைக்கு இது என்ன பைத்தியம் என்று நானே என்னைத் திட்டிக்கொள்வேன். திட்டினால் போகிற பைத்தியமா அது?

போன குளிர்காலத்தில் ஒருநாள் சாப்பிடும்போது சொல்லிவிட்டேன்.

"இந்த வருஷம் நான் முன்னால நிக்கறேன். வேட்டைச் சீட்டு என் பேர்ல வாங்கு."

ராய்ஸ் உருளைக்கிழங்கை மென்றுகொண்டே என்னைப் பார்த்தான். "அப்ப யாரு கூப்பிடறது?"

"நீதான்."

"நானா? நான் கூப்பிட்டா எது வரும்?"

"எது வந்தாலும் நான் பாத்துக்கறேன்."

அவன் மறுத்துப் பேசவில்லை, அதையும் சொல்ல வேண்டும். கோடை முழுக்க வண்டி ஓட்டும்போதெல்லாம் அந்த ஊதியை வாயில் அடக்கிக்கொண்டு பழகினான். கேட்கச் சகிக்காது. எங்கள் நாய் வண்டியில் ஏற மாட்டேன் என்று அடம்பிடிக்க ஆரம்பித்தது. அவன் தம்பி வெர்ன் ஒருநாள் கேட்டுவிட்டு, "அண்ணி, இவன் கூப்பிட்டா கொம்பன் வராது. பாவம், என்ன நோவோன்னு மாட்டு டாக்டர்தான் வருவாரு" என்றான்.

நானும் சிரித்தேன். ஆனால் உள்ளுக்குள் எனக்குப் பயம் இருந்தது, ராய்ஸின் குரலைப் பற்றிய பயம் இல்லை.

எங்கள் பக்கத்து மலைகளில் கிரிஸ்லி கரடிகள் பெருகிவிட்டன. முந்தின வருஷம்தான் ஸ்கூல் பஸ் ஓட்டுகிற மெர்லை ஒன்று பிடித்தது. அவனும் எல்க் கூப்பிடப் போனவன்தான். இப்போது அவன் கழற்றவே கழற்றாத தொப்பிக்கு அடியில் என்ன இருக்கிறது என்று அவன் பெண்டாட்டி என்னிடம் சொல்லியிருக்கிறாள். எனக்கு ஒரு வாரம் சோறு இறங்கவில்லை. கரடி இருக்கிற காட்டில் எப்படி நடக்க வேண்டும் என்று இங்கே நடக்கப் பழகும் பிள்ளைக்கும் தெரியும். சத்தம் போட்டுக்கொண்டே போ. வளைவு வந்தால் "ஏய் கரடி, வர்றேன் பாரு" என்று கத்து. வாசனையாக எதையும் வைத்துக்கொள்ளாதே. எல்க் வேட்டைக்குப் போகிறவர்கள் இது அத்தனைக்கும் நேர்மாறாகச் செய்கிறோம். பூனை மாதிரி நடக்கிறோம். துணியெல்லாம் எல்க் மூத்திரத்தைத் தெளித்துக்கொள்கிறோம். கடைசியில் புதருக்குள் உட்கார்ந்து, 'என்னை வந்து சாப்பிடு' என்பது போல மான் குரலில் அழுகிறோம். நல்லாயிருக்கிறதா புத்தி?

இவ்வளவு தெரிந்தும் போனோம். வயோமிங்கின் வடமேற்கு மூலையில், வண்டி போகிற பாதை முடிந்த இடத்திலிருந்து குதிரையில் ஒரு பகல் முழுக்க. ஓடைக் கரையில் கூடாரம் போட்டோம். மறுநாள் பிற்பகல் குதிரைகளைக் கட்டிவிட்டு, மேலே பள்ளத்தாக்கின் தலைமாட்டுக்கு நடக்க ஆரம்பித்தோம்.

பாதி வழியில், சேற்றில் அந்தக் கால் தடம் கிடந்தது. நான்தான் முதலில் பார்த்தேன். என் இரண்டு கையையும் விரித்து வைத்தால்தான் அது நிறையும். விரல்களுக்கு முன்னால் நகம் குத்திய குழிகள் தள்ளித் தள்ளி இருந்தன. கிரிஸ்லிதான், சந்தேகமே இல்லை. பக்கத்தில் சின்னதாக இன்னொரு தடம். குட்டி. பெரிய தடத்துக்குள் தண்ணீர் இன்னும் ஊறிக்கொண்டிருந்தது.

ராய்ஸ் குனிந்து பார்த்துவிட்டு நிமிர்ந்தான். குரலைத் தாழ்த்தி, "திரும்பிப் போயிடலாமா?" என்றான்.

போகலாம் என்று சொல்லத்தான் வாயைத் திறந்தேன். அதே நேரத்தில் மேலே, சரிவில், ஒரு கொம்பன் கூவியது. அடித் தொண்டையில் ஆரம்பித்து, சீழ்க்கையாக ஏறி, உடைந்து, உறுமலில் முடிகிற கூவல். வயசான கொம்பன், உடம்பு பெருத்த கொம்பன். குரலிலேயே எனக்குத் தெரியும்.

திறந்த வாயோடு நான் சரிவைப் பார்த்தேன். ராய்ஸ் என் முகத்தைப் பார்த்தான்.

"சரி, நட" என்றான். "மூஞ்சியப் பாரு, கல்யாணத்தன்னிக்குக்கூட இப்படி இல்ல நீ."

"கல்யாணத்தன்னிக்கு இவ்வளவு நல்ல கொம்பு எங்க இருந்துச்சு?"

அவன் சத்தமில்லாமல் சிரித்தான். எனக்குச் சிரிப்பு வரவில்லை. அந்தத் தடம் போன திசை நாங்கள் போகிற திசையாகவே இருந்தது.

காற்று மேலேயிருந்து எங்கள் முகத்தில் வீசிக்கொண்டிருந்தது. கொம்பனுக்கு எங்கள் வாடை போகாது. ஒரு மேட்டின் விளிம்பில், சாய்ந்து கிடந்த மரத்தின் ஓரம் நான் நிற்க வேண்டிய இடம். ராய்ஸ் பின்னால், மேட்டுக்குக் கீழே இறங்கி உட்கார வேண்டும். நான் அவன் சட்டையைப் பிடித்து நிறுத்தினேன்.

"மரத்துல முதுகச் சாய்ச்சு உக்காரு. அடிக்கடி பின்னால திரும்பிப் பாரு. ஸ்ப்ரே கையில இருக்கட்டும், இடுப்புல இல்ல."

"சரிங்க மேடம்."

"விளையாடாத ராய்ஸ். நீ எப்பவும் முன்னால நின்னவன். உனக்கு முன்னால பாக்க மட்டும்தான் தெரியும்."

"தெரியுது கெழவி. போய் நில்லு."

கரடிக்கு அடிக்கிற மிளகாய் ஸ்ப்ரேயை இடுப்பிலிருந்து எடுத்து எனக்குக் காட்டினான். அப்புறம் சரிவில் இறங்கி மறைந்துபோனான்.

நான் அம்பைப் பூட்டிக்கொண்டு நின்றேன். முதுகு முழுக்க எனக்குக் கூசியது. இத்தனை வருஷம் பின்னால் உட்கார்ந்தபோது என் முதுகை நானே பார்த்துக்கொண்டேன். இப்போது அதை இன்னொருவனிடம் ஒப்படைத்துவிட்டு முன்னால் பார்க்க வேண்டும். ஒவ்வொரு இலைச் சத்தத்துக்கும் என் தோள் குலுங்கியது. ராய்ஸ் எப்படித்தான் இப்படிக் கல் மாதிரி நிற்பானோ.

கீழேயிருந்து அவன் கூப்பிட ஆரம்பித்தான். ஐயோ, என்ன குரல். பெட்டைக்குத் தொண்டை கட்டிக்கொண்ட மாதிரி, நடுவில் ஒரு கொக்கரிப்பு வேறு. நான் பல்லைக் கடித்துக்கொண்டேன். இதற்குக் கொம்பன் வந்தால் அது செவிட்டுக் கொம்பனாகத்தான் இருக்க வேண்டும்.

கொம்பன் பதில் கொடுத்தது.

ராய்ஸ் மறுபடி கூப்பிட்டான். கொம்பன் இன்னும் கிட்ட வந்து கூவியது. மேலே எங்கேயோ பட்டுப்போன கிளை ஒன்று முறிந்தது. ராய்ஸ் இன்னொரு முறை கூப்பிட்டான். இந்த முறை பாதியில் நின்றுவிட்டது. கொம்பன் கூவியது. ராய்ஸிடமிருந்து பதில் இல்லை.

பரவாயில்லையே, தேறிவிட்டானே என்றுதான் முதலில் நினைத்தேன். கொம்பன் நேராக வர ஆரம்பித்துவிட்டால் கூப்பிடுகிறவர் வாயை மூடிக்கொள்ள வேண்டும். அதுதான் முறை. பெட்டை எங்கே போனது என்று கொம்பன் பதறிக்கொண்டு வேகமாக வரும்.

வந்தது. மரங்களுக்கு நடுவில் முதலில் கொம்புகள் மட்டும் தெரிந்தன. பழுத்த வெள்ளை முனைகள், தாமாகவே நடந்து வருவது போல. அப்புறம் கறுத்த கழுத்து, சேறு பூசிய விலா, மூக்கிலிருந்து புகையும் மூச்சு. அதன் வாடை எனக்கு அடித்தது. நான் எத்தனை வருஷம் கேட்டுக்கொண்டிருந்த சத்தம், இப்போது உடம்போடு என் கண் முன்னால் நடந்து வந்தது. எனக்குக் கண்ணீர் வந்துவிட்டது. வெட்கமில்லாமல் சொல்கிறேன், பெற்ற பிள்ளையை முதலில் பார்த்தபோதுகூட அப்படி வரவில்லை.

அதன் தலை ஒரு பெரிய மரத்துக்குப் பின்னால் மறைந்தபோது நான் நாணை இழுத்துப் பிடித்தேன். இன்னும் இரண்டு எட்டு வைத்தால் விலாவைக் காட்டும். நாண் என் கன்னத்தில் உரசியது.

அது ஓர் எட்டு வைத்தது.

அப்போதுதான் அது எனக்கு உறைத்தது. ராய்ஸ் மேட்டுக்குக் கீழே இருக்கிறான். நான் அந்த மாதிரி இடங்களில் வாழ்நாள் முழுக்க உட்கார்ந்தவள். அங்கேயிருந்து இந்தக் கொம்பனை அவனால் பார்க்க முடியாது. அது வருகிறதா நிற்கிறதா என்று அவனுக்குத் தெரியாது. தெரியாதவன் கூப்பிட்டுக்கொண்டேயிருக்க வேண்டும். பாதிக் குரலில் ஏன் நிறுத்தினான்?

காற்று முன்னாலிருந்து வீசியதால் பின்னால் கூப்பிடுகிற குரலைத் தவிர வேறெதுவும் என் காதுக்கு வராது. வீசுகிற காற்று எங்கள் வாடையையும் எல்க் வாடையையும் சேர்த்து வாரிக்கொண்டு கீழே போய்க்கொண்டிருந்தது. கீழே யார் இருந்தார்கள் என்று எனக்குத் தெரியும்.

கொம்பன் அடுத்த எட்டையும் வைத்தது. முழு விலா. குருடி அடித்தாலும் தப்பாது. விரல் நாணை விடுவிக்கிற விசையின் மேல் இருந்தது. அடித்துவிட்டுப் போகலாம், ஒரு நொடிதானே என்று என் விரல் சொன்னது. அடித்தால் அந்த ஒரு நொடி எனக்குப் போதாது. நின்று பார்ப்பேன், எந்தப் பக்கம் ஓடுகிறது என்று பார்ப்பேன். என்னை எனக்குத் தெரியும்.

நாணைத் தளர்த்தினேன். கொம்பன் என்னைப் பார்த்தது. தலையைச் சிலுப்பித் திரும்பிச் சரிவிலிருந்த புதர்களை உடைத்துக்கொண்டு ஓடியது. நான் வில்லைப் போட்டுவிட்டு, ஸ்ப்ரேயைப் பிடுங்கிக்கொண்டு கீழே ஓடினேன்.

ராய்ஸ் குப்புறக் கிடந்தான். இரண்டு கையையும் பிடரியில் கோத்துக்கொண்டு, காலை அகட்டி, கரடி பிடித்தால் கிடக்கச் சொல்லிக்கொடுத்த மாதிரியே. அவன் முதுகுப்பையின் மேல் ஒரு முன்னங்காலை வைத்துக்கொண்டு கரடி நின்றது. வாயில் ரத்தம். கொஞ்சம் தள்ளிக் குட்டி, பின்னங்காலில் எழுந்து நின்று என்னை எட்டிப் பார்த்தது. ராய்ஸ் அசையவில்லை. இருக்கிறானா, போய்விட்டானா, எனக்குத் தெரியவில்லை.

என் கால் எப்படியோ நடந்தது. கரடி தலையைத் தூக்கி, காதை மடக்கி, பல்லைப் பல்லோடு அடித்தது. அந்தச் சத்தத்தை நான் சாகும்வரை மறக்க மாட்டேன். அது என் மேல் பாய்வதற்குக் குனிந்தபோது ஸ்ப்ரேயை அழுத்தினேன். காற்று என் முதுகுப் பக்கம் இருந்ததால் செம்மஞ்சள் புகை முழுக்க அதன் மூஞ்சிக்குப் போனது, ராய்ஸுக்கும் சேர்த்துத்தான். கரடி இருமிக்கொண்டு, மூக்கைத் தரையில் தேய்த்துக்கொண்டு, குட்டியையும் இழுத்துக்கொண்டு ஓடியது. புட்டி காலியான பிறகும் நான் அழுத்திக்கொண்டே நின்றேன்.

"நெல்டா" என்று தரையிலிருந்து குரல் வந்தது. "கண்ணு எரியுது."

நான் அவன் பக்கத்தில் விழுந்தேன். தொடையில் சதை கிழிந்து தொங்கியது. ரத்தம் விட்டு விட்டுப் பொங்கியது. பையில், அடிக்கிற கொம்பனின் கறியைக் கட்டிக் கொண்டுவருவதற்கு வெள்ளைத் துணிப் பைகள் மடித்து வைத்திருந்தேன். அவற்றைத்தான் காயத்துக்குள் திணித்தேன். பையின் தோள் வாரை அறுத்துத் தொடையின் மேல் சுற்றி, குச்சி வைத்து முறுக்கினேன். அவன் அலறினான். அலறட்டும், உயிரோடு இருப்பவன்தானே அலறுவான். ஆபத்தில் உதவி கேட்கக் கொண்டுவந்திருந்த செயற்கைக்கோள் கருவியின் பித்தானை அழுத்தினேன். ஆட்கள் கிளம்பிவிட்டார்கள், ஹெலிகாப்டர் வருகிறது என்று பதில் வந்தது. வெயில் இன்னும் சரிவில் இருந்தது.

என் இரண்டு உள்ளங்கையாலும் காயத்தை அழுத்திக்கொண்டு அவன் மேல் கவிழ்ந்து உட்கார்ந்தேன். அவன் உதடு வெளுத்துக்கொண்டு வந்தது.

"அடிச்சியா?" என்றான்.

"என்னத்த?"

"கொம்பன. கிட்ட வந்துச்சே. கேட்டுச்சு எனக்கு."

"இல்ல. விட்டுட்டேன்."

"தப்பிடுச்சா?"

"தப்பல. அடிக்கல. நீ கூப்பிடறத நிறுத்துனதும் என்னவோன்னு ஓடி வந்தேன்."

அவன் எரிகிற கண்ணை மூடிக்கொண்டான். கண் ஓரத்தில் வழிந்தது. வலியில்தான் என்று நினைத்தேன்.

"பின்ன எதுக்குடி நான் வாய மூடிக்கிட்டுக் கெடந்தேன்?" என்றான்.

முதலில் எனக்குப் புரியவில்லை. அப்புறம் புரிந்தது. தூக்கி வாரிப்போட்டது. கரடி அவனுக்குத் தூரத்திலேயே தெரிந்திருக்கிறது. "ஏய் கரடி" என்று ஒரு சத்தம் போட்டிருந்தால் போயிருக்கும், பத்துக்கு ஒன்பது போய்விடும். ஸ்ப்ரே கையிலேயே இருந்திருக்கிறது. அடித்தால் சீறும், கொம்பன் மிரண்டுவிடும் என்று அடிக்கவில்லை. கரடி மேலே ஏறிக் கடித்தபோதுகூடச் சத்தம் வராமலிருக்கக் கையுறையைக் கடித்துக்கொண்டிருக்கிறான். அந்தக் கையுறை பக்கத்தில் கிடந்தது, பல் பதிந்து.

"உனக்கு அறிவிருக்கா?" என்றேன். "செத்துப் போயிருந்தா?"

"நீ எத்தன வருஷமா எனக்காகப் பின்னால உக்காந்த. ஒரு தடவையாச்சும்…"

"பேசாத. வாய மூடு."

இப்போது அவனைக் கேட்டால், மயக்கத்தில் என்னவோ உளறினேன் என்கிறான். கைத்தடியை ஊன்றிக்கொண்டு, வெர்ன் முன்னால் வேறு கதை சொல்கிறான். மயக்கமும் இல்லை, மண்ணும் இல்லை. தெளிவாகத்தான் சொன்னான்.

அவனை அறையலாம் போல இருந்தது, கட்டிக்கொண்டு அழலாம் போலவும் இருந்தது. கையை எடுத்தால் ரத்தம் பீறிடும் என்பதால் இரண்டையும் செய்யவில்லை. அப்படியே இருந்தோம். ஹெலிகாப்டர் சத்தத்துக்குக் காதைத் தீட்டிக்கொண்டு.

வேறு சத்தம்தான் வந்தது. மேலே, மேட்டுக்கு அந்தப் பக்கம், கொம்பன் கூவியது. அதே கொம்பன். ஓடிப்போனது திரும்பி வந்திருந்தது. காணாமல்போன பெட்டையைத் தேடி, கூப்பிடு தூரத்தில், மறுபடியும் கூவியது.

ராய்ஸ் கண்ணைத் திறந்தான். "போ" என்றான். "நான் அழுத்திப் புடிச்சுக்கறேன். வெளிச்சம் இருக்கு. போ நெல்டா."

"பேசாம படு" என்றேன்.

சொல்லிக்கொண்டே இருக்கும்போது என் தலை திரும்பியது. நான் திருப்பவில்லை, தானாகத் திரும்பியது. என் கண் சரிவில் ஏறி, வில்லை எந்த மரத்தடியில் போட்டேன் என்று தேடிக்கொண்டிருந்தது. எத்தனை எட்டில் போய்விடலாம் என்று கால் கணக்குப் போட்டது. என் கைக்கு அடியில் என் புருஷனின் ரத்தம் சூடாகத் துடித்துக்கொண்டிருந்தது.

கரடிக்கு முன்னால் நின்றபோதுகூட எனக்கு அப்படி ஒரு நடுக்கம் வரவில்லை.

முகத்தைக் கொண்டுபோய் அவன் நெஞ்சில் புதைத்துக்கொண்டேன். கொம்பன் கூவிக்கொண்டேயிருந்தது. ஹெலிகாப்டர் வந்து இறங்கி, ஆட்கள் என் தோளைத் தொட்டு விலக்கும்வரை நான் தலையைத் தூக்கவில்லை. தூக்கினால் எழுந்து போய்விடுவேனோ என்று பயமாக இருந்தது.